பள்ளிவாசலுக்குத் தேவை கூடுதல் வோட்ஸா, தெளிவான குரலா?



பள்ளிவாசல் ஒலிபெருக்கி பற்றிப் பேச்சு வந்தாலே, "செட் பழசு, பவர் காணாது, பெரிய அம்ப் ஒன்று எடுப்போம்" என்பதுதான் முதல் யோசனை. நோன்பு நெருங்கினால் வசூலும் தொடங்கிவிடும். காசு கொடுக்க முன் ஒரு விஷயத்தை நாம் விளங்கிக்கொள்வது நல்லது. நாங்கள் பார்த்த வரையில், குத்பா விளங்காமல் போவதற்குப் பவர் குறைவு காரணமாக இருப்பது அரிது. அனேகமாகக் காரணம், கெய்னை அளவுக்கு மேல் திருகி வைத்திருப்பது.

கெய்ன் வேறு, வொலியும் வேறு. மைக்கிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை முதல் கட்டத்தில் எத்தனை மடங்காகப் பெருக்குவது என்பது கெய்ன். கடைசியில் ஸ்பீக்கருக்கு எவ்வளவு அனுப்புவது என்பது வொலியும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். விரியலாக்கியின் வெளியீடு அதற்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தைத் தாண்டாது. அந்த எல்லைக்கு மேல் போக முயன்றால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அதைத்தான் திரிபு என்கிறோம்.

இந்தத் திரிபையே விரும்பித் தேடுபவர்கள் ரொக் கிட்டார் வாசிப்பவர்கள். மார்ஷல் நல்லதா, மேசா பூகி நல்லதா என்று இளைஞர்கள் வாதாடுவதை நாம் கேட்டிருப்போம். அந்த வாதத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. லண்டனில் ட்ரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962 இல் அம்ப் செய்யத் தொடங்கினார். பழைய ரேடியோவில் செம்மஞ்சளாக ஒளிருமே, அந்த வால்வ்தான் அதற்குள்ளும் இருந்தது. வால்வை எல்லைக்கு மேல் தள்ளினால் அலை சட்டென்று வெட்டுப்படாமல் ஓரளவு வளைந்து தட்டையாகும். அதனால் பிறக்கும் புதிய அதிர்வெண்கள் கிட்டார் ஒலியைத் தடிப்பாக்கி, நீண்ட நேரம் ஒலிக்க வைக்கின்றன. 1981 இல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 800 இல் நடு ஒலிகள் முன்னுக்கு வந்து உறுமும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த மேசாவின் டுவல் ரெக்டிஃபயரில் பல கெய்ன் கட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவதால், அடிஒலி கனத்து அடர்த்தியான சுவர் போலக் கேட்கும். வாசிப்பவர் தன் இசைக்கு எந்தத் திரிபு பொருந்தும் என்று தெரிந்தே தெரிவு செய்கிறார்.

நம்முடைய தேவை அதற்கு நேர்மாறானது. பாங்கும் குத்பாவும் சொற்கள். சொற்களைப் பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்துகள், அதிலும் முக்கியமாக 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகள். திரிபு புதிதாகச் சேர்க்கும் இரைச்சல் போய் விழுவதும் அங்கேதான். ஸீனுக்கும் ஸாதுக்கும், சின்ன ஹேயிற்கும் பெரிய ஹாவிற்கும் உள்ள வித்தியாசத்தை மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு வருடக் கணக்கில் படிப்பிக்கிறோம். பிறகு அதே கிராஅத்தை கெய்ன் நிறைந்த மைக்கில் விட்டு, மேலே எக்கோவும் போட்டு, அந்த வித்தியாசத்தை நாமே அழித்துவிடுகிறோம். டைல்ஸ் பதித்த சுவரும் குப்பாவும் ஏற்கெனவே தாராளமாக எதிரொலி தருகின்றன. அதற்கு மேல் எக்கோ எதற்கு?

பெரிய அம்ப் எடுத்தால் சரியாகுமா? கணக்கைப் பாருங்கள். 250 வோட்ஸை 500 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு பவர் வேண்டும். ஆனால் மைக்கிற்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் ஒரு சதமும் செலவில்லாமல் 6 டெசிபல் வரை கூடும். அப்படியானால் கெய்னையும் குறைக்கலாம், "கூ" என்ற அலறலும் குறையும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கோபுரத்து ஹோர்னில் பயான் முழுவதும் ஒலிக்கும்போது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, கைக்குழந்தை, நோயாளி, பக்கத்து வீட்டு மாற்று மதச் சகோதரர் எல்லோரும் அதைக் கேட்கத்தான் வேண்டும். "மற்றவர்களும் போடுகிறார்கள்தானே" என்பது பதிலாகாது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில் 2007 இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கி அனுமதிக்கு எல்லை வகுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரமும் அதில் அடங்கும். அந்த ஒழுங்கு எல்லா மதத்தவருக்கும் பொது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். தொழுகையில் ஓதும் குரலுக்கே நடுவழியைக் காட்டும் அல்இஸ்ரா 110ஆம் வசனம் நமக்குத் தெரியாததல்லவே.

நிர்வாக சபையினருக்கு எங்கள் வேண்டுகோள் இவைதான்.

1. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். பாவிக்காத மைக்குகளை நிறுத்தி வையுங்கள். எக்கோவை முற்றாக நிறுத்துங்கள்.

2. மௌலவி உரத்த குரலில் பேசும்போது சிவப்பு லைட் மின்னாத அளவுக்கு கெய்னை வைத்து, அந்த இடத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். தேவைக்கேற்ப மாஸ்டரை மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

3. வெளி ஹோர்ன் பாங்குக்கு மட்டும் இருக்கட்டும். உள்ளே பெரிய பொக்ஸ் ஒன்றைவிடச் சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றைக் குறைந்த சத்தத்தில் வைப்பது மேல்.

4. செட்டுக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வருபவர் போபவரெல்லாம் திருகினால் எந்தச் செட்டும் நிலைக்காது.

5. புதிய செட்டுக்கு வசூல் செய்ய முன், வகுப்பில் நாங்கள் வைக்கும் சொல்வதெழுதலை வைத்துப் பாருங்கள். மோதினார் மைக்கில் பத்துச் சொற்களை வாசிக்கட்டும். கடைசி ஸப்பில் ஒருவரும் பெண்கள் பகுதியில் ஒருவரும் எழுதட்டும். எட்டுக்குக் குறைந்தால் முதலில் கெய்னைக் குறைத்துத் திரும்ப வாசியுங்கள்.

பெண்கள் பகுதியில் இருக்கும் தாய்மாரிடம் "குத்பா விளங்குதா?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? இந்த ஜும்ஆ முடிந்ததும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்களின் பதிலை நிர்வாக சபைக்குக் கொண்டு போவது நம் ஒவ்வொருவரின் பொறுப்பு.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல விளக்கத்தைத் தருவானாக.