வலைக்கு யார் பாதுகாப்பு?

ஃபோர்ட் கொச்சியின் கடல்முகத்தில் பார்க்கவும் சுவைக்கவும் குறைவில்லை. மிளகும் இஞ்சியும் குவிந்திருந்த பழைய கிடங்குகள் ஓவியக் கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைவிழா உலகக் கலைஞர்களை இங்கே அழைத்து வந்தது. (சங்கப் புலவர்கள் பாடிய முசிறியேதான் அந்த முசிறிஸ்.) நீர்வழி மெட்ரோ படகும் இப்போது கரையைத் தொடுகிறது.

வருவோர் தவறாமல் படமெடுப்பது சீன வலைகளை. அவற்றை இழுப்போரின் நிலைதான் படத்தில் விழுவதில்லை. ஒரு வலையை இறக்கி ஏற்ற நான்கைந்து பேர் வேண்டும். தேக்குத் தடி உளுத்தால் மாற்றுவது எளிதல்ல. சில இடங்களில் இரும்புக் குழாய் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஆகாயத்தாமரை வந்து அடைக்கும் நாள்களில் மீனுக்குப் பதில் பாசிதான் ஏறும். சற்று உள்ளே, வெளி என்ற பகுதியில் ஒரு சலவைத்துறை உள்ளது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று கூறப்படும் வண்ணார் குடும்பத்தினர் அங்கு இன்றும் துவைக்கின்றனர்.

தில்லியில் இயற்றப்பட்ட சட்டங்கள் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. தொல்லியல் துறை காக்கும் புனித பிரான்சிஸ் தேவாலயம் போன்ற சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டடம் கூடாது என்கிறது, 1958-ம் ஆண்டுச் சட்டத்தில் 2010-ல் செய்யப்பட்ட திருத்தம். கல்லுக்கு அந்த அளவு அக்கறை. மறுபுறம், 2019-ம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையோ நகர்ப்புறக் கரைகளில் கட்டடப் பரப்புக்கு 1991 முதல் இருந்த உச்சவரம்பைத் தளர்த்திவிட்டது. கரைமனையின் மதிப்பு உயர உயர, வருமானம் குறைந்த தொழில்தான் முதலில் நகர வேண்டியிருக்கும்.

இதற்கு வழி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம்மாற்றக் கூடாது என்கிறது. காய்கறிக் கடைக்குப் பொருந்தும் நியாயம், பல தலைமுறை கண்ட வலைக்கும் சலவைக் கல்லுக்கும் பொருந்தாதா?

சுற்றுலாவும் பண்பாடும் நாடாளுமன்றத்தின் ஒரே நிலைக்குழுவின் கீழ்தான் வருகின்றன. அக்குழு இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம். விடுதி உரிமையாளர்களோடு வலை இழுப்பவர்களையும் சாட்சிகளாக அழைக்க விதிகள் இடம் தருகின்றன.