எண்ணெய் வடிகட்டிக்குப் பொருத்தம் பார்த்தல்

புதிதாக மோட்டார் வண்டி வாங்கியவர் வீட்டில் முதல் வாரம் நடக்கும் உபசாரத்தைப் பார்க்க வேண்டும். சந்தனம் என்ன, குங்குமம் என்ன, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்ன! வருஷம் ஒன்று கழிந்து என்ஜின் எண்ணெயை மாற்றும் நாள் வந்ததும், அதே மனிதர் கடைக்காரரிடம், "ஏதாவது ஓர் ஆயில் பில்டர் கொடுங்கள், விலை மட்டும் குறைவாக இருக்கட்டும்" என்கிறார். கடைக்காரரும் ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "இது எல்லா வண்டிக்கும் சேரும், ஸார்" என்று சொல்லிவிடுகிறார். எல்லா வண்டிக்கும் சேரும் வடிகட்டி என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

வடிகட்டி என்பது நம் வீடுகளுக்குப் புதிய பொருள் அல்ல. காலையில் டிகாக்ஷன் கீழே இறங்குவதையும் பொடி மேலே நின்றுவிடுவதையும் தினமும் பார்க்கிறோம். என்ஜினிலும் நடப்பது அதுவே. ஆனால் காப்பி தன் இஷ்டப்படி நிதானமாகச் சொட்டுகிறது. என்ஜினிலோ ஒரு பம்பு எண்ணெயை ஓயாமல் அழுத்தித் தள்ளுகிறது. உலோகம் தேய்ந்த பொடி, எரிபொருளின் கரி, காற்றோடு நுழைந்த மண்தூசி ஆகியவை மடிப்பு மடிப்பாக வைத்த விசேஷக் காகிதத்தில் தங்கிவிட வேண்டும். பழைய காலத்து மோட்டார்களுக்கு இந்தப் பாக்கியம் இருக்கவில்லை. 1923-ஆம் வருஷத்தில்தான் அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட், கிரீன்ஹால்க் என்ற இருவர் மோட்டார் வண்டிக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கி, அதற்குப் 'பியூரோலேட்டர்' என்று பெயரிட்டார்கள்.

இது நிற்க. கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், வடிகட்டியின் மரை ஏறுகிறதா என்ற ஒரே பொருத்தத்துடன் திருப்தி அடைந்துவிடுகிறோம். அந்த ஒன்றிலும் ஏமாற இடம் உண்டு. 20 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மரை ஒரு ஜாதி. முக்கால் அங்குல மரை வேறு ஜாதி. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். ஆகையால் முதல் ஜாதி வடிகட்டி இரண்டாம் ஜாதித் தண்டில் ஒருவாறு ஏறி உட்கார்ந்துவிடும். பிடிமானம் மட்டும் இராது. ஓடும் வழியில் அது கழன்றால் எண்ணெய் முழுவதும் சாலைக்குப் போய்விடும். பிறகு என்ஜின் இறுகிப் போகச் சில நிமிஷங்கள் போதும்.

வெளியில் தெரியாத பொருத்தங்கள் இன்னும் முக்கியமானவை. பெரும்பாலான வடிகட்டிகளுக்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. காகிதம் அடைத்துக்கொண்டாலும், குளிரில் எண்ணெய் தடித்திருந்தாலும் ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெயையே என்ஜினுக்கு அனுப்பிவிடுகிறது. பட்டினியைவிடப் பழைய சோறு மேல் என்ற நியாயம்தான். எவ்வளவு அழுத்தத்தில் அது திறக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் வேறுபடும். சில வண்டிகளில் இந்த வால்வு என்ஜினிலேயே அமைந்திருப்பதால், அவற்றின் வடிகட்டியில் வால்வே இராது. அப்படிப்பட்ட ஒன்றைத் தவறான வண்டியில் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்றொன்று ரப்பர் வால்வு. என்ஜின் நின்ற பிறகு வடிகட்டியிலுள்ள எண்ணெய் கீழே வடிந்து போகாமல் தடுப்பது இதன் வேலை. வடிகட்டி படுத்த வாக்கிலோ தலைகீழாகவோ பொருத்தப்பட்ட வண்டிகளில் இது நன்றாக இல்லாவிட்டால், காலையில் என்ஜினைக் கிளப்பியதும் எண்ணெய் போய்ச் சேரும் வரையில் இரண்டு மூன்று விநாடிகள் உலோகம் உலோகத்தோடு கடகடவென்று பேசும். எனக்குத் தெரிந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் இந்தச் சத்தத்தைக் கேட்டு, என்ஜினையே பிரிக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சரியான வடிகட்டியை மாட்டிய மறுநாள் சத்தம் நின்றது. சாதாரண ரப்பர் வெப்பத்தில் நாளடைவில் விறைத்துவிடும். சிலிக்கோன் ரப்பர் அதிக நாள் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு இதற்காகச் சற்று அதிக விலை கொடுப்பது வீண் செலவு அல்ல என்பது என் அபிப்பிராயம்.

டப்பாவின் மேல் '20 மைக்ரான்' என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவுள்ள துகள்களில் நூற்றுக்கு எத்தனை பிடிபடுகின்றன என்பதல்லவா கேள்வி? பாதியைப் பிடிக்கும் வடிகட்டியும் 20 மைக்ரான் என்று சொல்லிக்கொள்ளலாம். நூற்றுக்கு 98 பிடிப்பதும் அதையே சொல்லலாம். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற முறைப்படி சோதித்து, சதவிகிதத்தையும் சொல்லும் கம்பெனியின் பேச்சை நம்பலாம். அதற்காக மிக நுண்ணிய வடிகட்டிதான் மேலானது என்றும் நினைக்கலாகாது. காகிதத்தின் பரப்புக் குறைவாக இருந்தால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். உடனே முன்பு சொன்ன வால்வு திறந்துகொள்ளும்.

இவ்வளவையும் கடை வாசலில் நின்று யார் பரிசோதிப்பது? அவசியம் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, வடிகட்டியின் பாக எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் போதும். புத்தகம் தொலைந்துவிட்டதா? சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கம்பெனியின் உதிரிபாகக் கடையில் எண்ணை எடுத்துச் சொல்லுவார்கள். வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே பெயருள்ள வண்டியில் பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு வடிகட்டியும் டீசல் என்ஜினுக்கு வேறொன்றும் இருக்கும். உத்தரவாதக் காலம் முடியும் வரையில் வண்டிக் கம்பெனியின் வடிகட்டியையே வாங்கி, ரசீதையும் பத்திரப்படுத்துவது உத்தமம். அதற்குப் பிறகு, அதே பாக எண்ணுக்கு நேரான வடிகட்டியை வெளியிடும் நல்ல உற்பத்தியாளரிடம் வாங்கலாம். அங்கீகாரம் பெறாத கடையில் பாதி விலைக்கு அசல் சரக்குக் கிடைக்கிறது என்றால், டப்பா மட்டுமே அசலாக இருக்கக்கூடும்.

எண்ணெயை மாற்றும்போதெல்லாம் வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும். இன்றைய வண்டிகள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது கணக்கு. மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புதியதையும் மாட்டினால் எண்ணெய் பீச்சி அடிக்கும். புது வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, கையாலேயே திருகி, வளையம் முகத்தைத் தொட்ட பிறகு சுமார் முக்கால் சுற்று இறுக்குவது வழக்கம். சரியான அளவு வடிகட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். குறடு போட்டு முறுக்கும் பலசாலிகள், அடுத்த வருஷம் அதைக் கழற்றப் போகிறவர் யார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

கழற்றிய பழைய வடிகட்டிக்குள் கறுத்த எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கும். அதை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிட்டு, வடிந்ததையும் பழைய எண்ணெயோடு சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வாசல் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.