எருசலேமில் எல்லோருக்கும் விடை தெரியும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் சபையில் வினாடி வினா என் தலையில்தான் விழும். இருபத்திரண்டு வருஷமாக நான்தான் கேள்வி எடுக்கிறேன். நட்சத்திரத்தைப் பார்த்து வந்த சாஸ்திரிகள் எத்தனை பேர்? "மூணு" என்று கை தூக்குகிற பிள்ளைக்கு மார்க் கிடையாது. மத்தேயு எண்ணிக்கையே சொல்லவில்லை. மூன்று காணிக்கைகளை வைத்து நாமாக மூன்று பேரை உண்டாக்கிக்கொண்டோம். இப்படி மடக்குவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

போன வருஷம் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தேன். மேசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது விசாரித்தபோது சரியான ஊரைச் சொன்னவர்கள் யார்? "பிரதான ஆசாரியரும் வேதபாரகரும்!" கூரை அதிரக் கத்தினார்கள். சரி, அவர்களில் எத்தனை பேர் பெத்லகேமுக்குப் போய்ப் பார்த்தார்கள்? சத்தம் அடங்கிவிட்டது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஒருத்தரும் போகல தாத்தா" என்றாள்.

எருசலேமிலிருந்து பெத்லகேம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. அவளுக்கு ஒரு பேனா பரிசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை. அந்த வேதபாரகர் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு.

நான் சேவூர்க்காரன். ஆரணிப் பட்டு வாங்கிய பெயரில் எங்கள் ஊர்த் தறிகளுக்கும் பங்கு உண்டு. அப்பா நெசவாளி. எனக்குத் தறிக்குழியில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. கட்டம் போட்ட தாளில் டிசைன் புள்ளி வைக்கவும், அதைப் பார்த்து ஜக்கார்டுக்கு அட்டை அடிக்கவும் கற்றுக்கொண்டேன். ஓர் அட்டை என்பது ஓர் ஊடை. துளை உள்ள இடத்தில் கொக்கி எழும்பிப் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே கிடக்கும். அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட்டால், கீழே மிதிக்க மிதிக்க ஒவ்வொன்றாகத் திரும்பி, புடவையில் அன்னம் காலிலிருந்து தலை வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்கும். இப்போது இந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

சுமார் முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை. அடைமழை. தறிக்குழிகளில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. என் அட்டையில் நெய்துகொண்டிருந்த ஓர் அம்மா ஆள் அனுப்பினார்: அன்னத்தின் கழுத்தில் ஒரு புள்ளி தள்ளி விழுகிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். போனேன். அட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அட்டையெல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. உங்க தறியில கொக்கி வளைஞ்சிருக்கும்" என்றேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர். குழியை விட்டு எழுந்திருக்காமலேயே சொன்னார்: "கொக்கி கெட்டிருந்தா எல்லா அட்டையிலயும் காட்டிக் குடுத்துடும் தம்பி. இது கழுத்து வரும்போது மட்டுந்தான வருது. ஒரே அட்டைதான்."

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், வேலை கிடக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று வந்துவிட்டேன். அவர் என்ன செய்வார்? தை முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய புடவை. தறியை நிறுத்தினால் அடுப்பு நின்றுவிடும். கழுத்துக் கோணிய அன்னங்களோடே நெய்து முடித்தார். முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டுக் கூலியில் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் வாசிக்கும் பழைய வேதாகமத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கு 'சாஸ்திரிகள்' என்று பெயர். 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'ஞானிகள்'. எந்தச் சொல் சரி என்று சபையில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் சரி, ஆனால் பயணத்தின் இரண்டு முனைகளில் சரி என்பேன் நான். புறப்படும்போது அவர்கள் வானத்தைப் படிக்கத் தெரிந்த சாஸ்திரிகள். அந்தப் படிப்பு அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டது? ராஜா பிறந்தால் அரண்மனை இருக்கும் ஊரில்தானே பிறப்பார் என்று எருசலேமில் விட்டது. ஊர் தப்பு. அங்கே நின்று வெட்கப்படாமல் வழி கேட்டார்கள். சொன்ன வழியில் நடந்தார்கள். எளிய வீடொன்றில் குழந்தைக்கு முன் விழுந்து வணங்கினார்கள். ஏரோதிடம் திரும்பிப் போய் ஒப்பிக்காமல் வேறு வழியாக ஊருக்குப் போனார்கள். அந்த வேறு வழியில்தான் எனக்கு ஞானிகள் தெரிகிறார்கள்.

இப்படிப் படிப்பு ஞானமாக மாறுவதைப் பார்க்கப் பாலஸ்தீனம் வரைக்கும் போக வேண்டியதில்லை. 1853இல் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் ஆரணியிலும் வேர்விட்டது. அந்தக் குடும்பத்துப் பேத்தி ஐடா 1890களில் திண்டிவனத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். அமெரிக்காவுக்கே திரும்பிவிடும் எண்ணம். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அன்றைக்கு ஜெபம் பண்ணியிருப்பார். அதோடு நிற்கவில்லை. படிக்கப் போனார். 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம். 1900இல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு நம் ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் "சிஎம்சிக்குக் கொண்டு போ" என்கிறோமே, அதுதான். மத்தேயு எண்ணிக்கை சொல்லாமல் விட்ட அந்த மூன்று பேர் எனக்குத் திண்டிவனத்தில் கிடைத்தார்கள். காணிக்கை கொண்டுவராத மூவர். ஜெபம் பண்ணினால் போதும், படிப்பு எதற்கு என்கிற பிரசங்கியாரிடமும், படிப்பு இருக்கிறது, ஜெபம் எதற்கு என்கிற என் மருமகனிடமும் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். இருவரும் முழுசாகக் கேட்பதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் ஞானத்தைத் தண்ணீர்போலச் செலவழிக்கிறவர்கள். தலையில் நீர் விட்டால் ஞானஸ்நானம். பிள்ளையை ஏந்தி நிற்பவர் ஞானத்தகப்பன். 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் இருந்த ராபர்ட் தெ நோபிலி எழுதிய நூலுக்கு ஞானோபதேசம் என்றே பெயர். இத்தனை ஞானத்தை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் மாதத்தில் என்ன செய்கிறோம்? யார் வீட்டு நட்சத்திரம் உயரம், யார் பிள்ளை வசனம் அதிகம் ஒப்பித்தது, சிறப்புச் செய்தியாளர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார். பட்டு சரசரக்க நிறைகிற ஆலயங்களில் அந்தப் பட்டை நெய்தவர் கூலியைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை. சரியான விடைக்குப் பேனா கொடுக்கிற நானும் இதில் அடக்கம்.

அன்னத்தின் கழுத்துக் கோணிய அந்த வருஷம், கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் மத்தேயு இரண்டாம் அதிகாரம் வாசிக்கிற முறை எனக்கு வந்தது. வேதபாரகரைக் கூப்பிட்டு விசாரிக்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பனியில் தொண்டை கட்டியிருக்கும் என்று பக்கத்தில் நின்றவர் நினைத்திருப்பார்.

ஆராதனை முடிந்ததும் ஒரு கேக் பொட்டலத்தோடு சேவூருக்குச் சைக்கிள் மிதித்தேன். பெரிய தெரு வழியாகப் போகவில்லை. பாவு நீட்டுகிற பின்தெரு வழியாகப் போனேன். யாராவது பார்த்து எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்கிற பயம்தான், வேறு வேதார்த்தம் ஒன்றுமில்லை. அந்த அம்மா திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அதே பாவில் அடுத்த புடவை அன்றைக்குத்தான் தொடங்கப் போகிறார். அட்டைக் கோவையை இறக்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாற்பத்தேழாவது அட்டையில் ஒரு துளை பக்கத்து வரிசைக்குப் போயிருந்தது. தப்புத் துளையைக் காகிதம் ஒட்டி அடைத்தேன். சரியான இடத்தில் அடித்தேன். கூலியில் பிடித்த பணத்தை நீட்டினேன். எண்ணாமல் வாங்கி ராட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"பசை காயட்டும். காபி குடி" என்றார்.

பிறகு குழியில் இறங்கி நாலைந்து ஊடை விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து எட்டிப் பார்த்தேன்.

"கழுத்து சரியா வருதாம்மா?"

"இரு தம்பி. இன்னும் காலே வரல."