ஐவேளையும் இல்லத் தூய்மையும்

தூய்மையை ஈமானின் சரிபாதியாகக் கணித்த மார்க்கம் நம்முடையது. ஜும்ஆ மேடையிலும் மீலாது மேடையிலும் இதனைக் கேளாத முஸ்லிம் எவரும் இருக்க முடியாது. ஆயினும், அந்தப் பாதி ஈமானை நம் இல்லங்களில் நாள்தோறும் காத்து வருபவர் யார்? எல்லோரும் துயிலும் வேளையில் எழுந்து, எல்லோரும் துயின்ற பின்னர்ப் படுக்கச் செல்பவர் யார்? இந்தக் கேள்வியை மட்டும் நாம் எழுப்புவதில்லை. விடை தெரிந்திருப்பதனால்தான் எழுப்பத் தயங்குகிறோம் போலும்.

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என நீளும் நம் கரையோரத்தில் ஓர் இல்லத்தைத் தூய்மையாக வைத்திருப்பது எளிய காரியமன்று. காலையில் பெருக்கிய முற்றத்தை நண்பகல் காற்று மணலால் நிரப்பிவிடுகிறது. காற்றோடு வரும் உப்பு, சன்னல் கம்பியிலும் மின்விசிறியிலும் படிந்து ஈரத்தை ஈர்க்கிறது. ஈரம் துருவைக் கொணர்கிறது. பேழையில் மடித்து வைத்த துணியிலும், அலமாரியில் அடுக்கிய நூலிலும் பூஞ்சை படர்கிறது. இவற்றையெல்லாம் கழுவித் துடைக்கத் தண்ணீர் வேண்டுமே! காவிரிக் கூட்டுக் குடிநீர் இம்மாவட்டத்தை எட்டிய பின்னரும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் நடக்கும் காட்சி இங்கு மறைந்தபாடில்லை. மணல் மிகுதி; நீர் குறைவு; நேரமோ அதனினும் குறைவு. இதுவே நம் இல்லத்தரசியரின் நிலை.

இந்நிலையில் தாயும் வேலைக்குச் செல்பவராக இருப்பின் என்னாகும்? ஆசிரியையாகவும், செவிலியாகவும், அலுவலக ஊழியராகவும் பணியாற்றும் நம் சகோதரிகள் இன்று பலர். மாலையில் வீடு திரும்பும் அவர்களுக்கு இரண்டாவது வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையன்று. நாடு முழுவதற்கும் உரியது. 2019-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் புள்ளியியல் துறை நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, நாளொன்றுக்கு வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்களோ 26 பேரே. ஈடுபடுவோரிலும் ஒரு பெண் சராசரியாக 299 நிமிடங்களையும், ஓர் ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகின்றனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! இதற்கு ஊதியமும் இல்லை, ஓய்வுநாளும் இல்லை.

இதற்குரிய பரிகாரம் யாது? வேலையைக் கூட்டுவதன்று; வேலைக்கு ஓர் ஒழுங்கு அமைப்பதே. நற்செயல்களில் இறைவனுக்கு மிக உவப்பானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆறு நாட்கள் குப்பையைச் சேரவிட்டு, ஏழாம் நாள் இடுப்பொடியப் பாடுபடும் வழக்கத்துக்கு மாற்று இந்த அறிவுரையிலேயே இருக்கிறது. ஒழுங்குக்கு வேண்டிய காலக்கணக்கை நாம் வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. குறிப்பிட்ட நேரங்களில் கடமையாக்கப்பட்ட ஐவேளைத் தொழுகையே நம் நாளை ஐந்தாகப் பகுத்துத் தந்திருக்கிறது. பாங்கொலி கேட்டதும் கைவேலையை நிறுத்திவிட்டு எழுவதற்குப் பழகிய நாம், தொழுகைப் பாயைச் சுருட்டியதும் ஒரு சிறு வேலையை எடுத்துச் செய்யவும் பழகலாம் அன்றோ?

சுபுஹுத் தொழுகைக்குப் பின் அவரவர் பாயையும் போர்வையையும் அவரவரே மடித்து வைப்பது. சன்னல்களைத் திறந்து காற்றை உள்ளே விடுவது. ஒருவர் தண்ணீர் பிடிக்க, ஒருவர் கூடத்தைப் பெருக்குவது. லுஹர் வேளையில் பெற்றோர் பணியிடத்தில் இருப்பர். வீட்டில் இருக்கும் முதியோர் மீது அந்நேரத்தில் எந்தச் சுமையையும் ஏற்ற வேண்டா. அஸருக்குப் பின் பிள்ளைகள் கொடியில் உலர்ந்த துணிகளை எடுத்து மடிப்பதும், மறுநாளைய பள்ளிப் பையை ஒழுங்கு செய்வதும். மஃக்ரிபுக்கு முன் முற்றத்து மணலை ஒருமுறை கூட்டுவது. இஷாவுக்குப் பின் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்படியைத் துடைத்து, உணவையும் நீரையும் மூடி வைத்து, அடுப்பை அணைத்து, கதவைத் தாழிடுவது. உறங்கச் செல்லுமுன் பாத்திரங்களை மூடி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்துமாறு நபிபெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த கட்டளையை, எரிவாயு உருளையின் திருகை மூடும் நம் கைகள் இன்றும் நிறைவேற்றலாம்.

இவற்றுள் எதுவும் கால் மணி நேரத்தை மிஞ்சக் கூடாது என்பதே இந்த ஒழுங்கின் முதல் விதி. எந்த வேலையும் பெயரில்லாமல் நிற்கக் கூடாது என்பது இரண்டாம் விதி. “யாராவது செய்யட்டும்” என்று விடப்படும் வேலை, இறுதியில் உம்மாவின் வேலையாகவே முடியும் என்பதை அறியாத வீடு உண்டோ?

நாள்வேலைக்கு அப்பால், வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியவற்றை நாளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் கழிப்பறையும் குளியலறையும்; ஒரு நாள் சன்னல் கம்பிகளில் படிந்த உப்பை நல்ல நீரில் நனைத்த துணியால் துடைப்பது; ஒரு நாள் படுக்கைகளை வெயிலில் காயவைப்பது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட நாளாதலால், வியாழன் மாலையை நீர்ப் பாத்திரங்களுக்கென ஒதுக்குவது மிகவும் நன்று. இதற்கு வலுவான காரணம் உண்டு. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அஞ்சி நாம் பீப்பாயிலும் தொட்டியிலும் குடத்திலும் நீரைத் தேக்கி வைக்கிறோம். டெங்கு, சிக்குன்குனியா ஆகிய காய்ச்சல்களைப் பரப்பும் கொசு, சாக்கடையை நாடுவதில்லை. இத்தகைய நல்ல நீரையே நாடுகிறது. பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாட்கள் ஆகும். நீரை மட்டும் கொட்டிவிட்டால் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டே இருக்கும். உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் தாங்கும். ஆகவே, வாரம் ஒருமுறை நாரால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வைத்தால், கொசு பிறக்கும் முன்பே அதன் வழி அடைபடுகிறது. 2006-ஆம் ஆண்டில் சிக்குன்குனியா தமிழகத்தை ஆட்டிப் படைத்தபோது மூட்டுவலியால் மாதக்கணக்கில் முடங்கியவர்களை நாம் மறந்துவிடலாகாது. கொட்டும் நீரும் வீணாக வேண்டா. கழிப்பறைக்கும் செடிக்கும் அது பயன்படும். இரு கைகள் கொள்ளும் அளவு நீரிலேயே ஒளுச் செய்த பெருமானாரின் உம்மத்தினர், குழாயைத் திறந்துவிட்டுத் தரை கழுவுவது முறையாகுமா?

கீழக்கரையில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தினர் இத்தகைய ஒழுங்கு ஒன்றை ரஜபு மாதத் தொடக்கத்திலிருந்து ரமலான் பிறை காணும் வரை முயன்று பார்த்தனர். கணவர் கடை வைத்திருப்பவர், மனைவி ஆசிரியை, பிள்ளைகள் மூவர், முதிய மாமியார் ஒருவர். முதலில் நாளுக்கு இருபது வேலைகள் கொண்ட நீண்ட பட்டியல் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டினர். ஒரே வாரத்தில் அது வெறும் தாளாகிவிட்டது. பின்னர், தொழுகைக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு பெயர் என்று சுருக்கினர். அதன்பின் அது நிலைத்தது. பிள்ளைகள் மறந்த நாட்களும் உண்டு; கடையில் கூட்டம் மிகுந்து வாப்பா தாமதமாக வந்த இரவுகளும் உண்டு. ஆயினும், விடுபட்டதை மறுநாள் இரட்டிப்பாக்காமல், அடுத்த வேளையிலிருந்து தொடர்வது என்று வைத்துக்கொண்டமையால் ஒழுங்கு குலையவில்லை. வீடு பளிங்குபோல் ஆயிற்றா என்றால், இல்லை. ஆனால், அந்த ஆண்டு ரமலானில் தராவீஹுத் தொழுகைக்குப் பின் திருமறையை ஓத அந்த அம்மையாருக்கு நேரம் கிடைத்தது. இதனினும் பெரிய பயன் வேறென்ன வேண்டும்?

இங்கே சிலர் எதிர்க்கேள்வி கேட்பர். “ஆண் வெளியில் உழைக்கிறான், கடல் கடந்தும் உழைக்கிறான், வீட்டிலும் துடைப்பத்தை எடுக்க வேண்டுமா?” என்பர். நபிகளாரின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்கள், திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப் போய்ப் பணியாள் ஒருவரைக் கேட்டபோது, உறங்குமுன் ஓதும் தஸ்பீஹையே பெருமானார் கற்றுத் தந்த வரலாற்றையும் எடுத்துரைப்பர். அவ்வரலாறு உண்மையே. ஆனால், அதனைச் சொல்லுவோர் மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் நபிகளார் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஓர் அரசின் தலைவராகவும், படையின் தளபதியாகவும், மக்களின் நீதிபதியாகவும் இருந்த ஒருவருக்குக் கிடைத்த நேரம் நமக்குக் கிடைக்கவில்லையா?

நம் கரையோர மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபியீ மத்ஹபின் சட்ட அறிஞர்கள், சமைப்பதும் பெருக்குவதும் துவைப்பதும் மனைவியின் மீது சட்டக் கடமை அன்று என்றே எழுதி வைத்தனர். அவ்வாறாயின், நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் செய்வது கடமையன்று. நமக்குச் செய்யும் உபகாரமே. உபகாரத்தை உரிமை என்று கொண்டாடுவதும், ஒரு நாள் தவறினால் முகம் சுளிப்பதும் நன்றியுள்ளவர் செயலாகுமா? ஆகவே, பெண்ணின் உழைப்பை மட்டும் மணிக்கணக்கில் வரிசைப்படுத்தும் பட்டியல் எதுவும் ஒழுங்கு அன்று; அது சுமைக்கு இட்ட மறுபெயரே. கணவனின் பெயரும் மகனின் பெயரும் இல்லாத பட்டியலைக் கிழித்தெறிவதே நலம்.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றும் சகோதரர்கள் ஊரில் இல்லாதபோது பங்கேற்க இயலாதுதான். ஆனால், விடுமுறையில் வந்த பின்னும் விருந்தாளியாகவே இருந்து திரும்பலாமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கின்றனரே. இப்பழக்கத்தைத் தொடங்க அதனினும் தக்க காலம் ஏது? வசதியுள்ளோர் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆனால், பணியாளர் மீது சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாகாது, ஏற்றினால் உடனிருந்து உதவ வேண்டும் என்ற நபிமொழி அந்த வாசலிலும் நிற்கிறது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் வளர்ந்த அப்துல் கலாம் அவர்கள், இரண்டாம் உலகப் போரின்போது ஓடும் இரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையைச் சிறுவயதிலேயே செய்தவர். அவருடைய தந்தையாரோ, அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து தொழுதுவிட்டுத் தென்னந்தோப்புக்கு நடந்து செல்வதை வழக்கமாகக் கொண்டவர். ஒழுங்கைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டுக் கற்பதில்லை, பார்த்தே கற்கின்றனர். மகளுக்குத் துடைப்பத்தையும் மகனுக்குப் பந்தையும் கொடுத்து வளர்த்துவிட்டு, பின்னர் மருமகள் வந்து குறை கூறுகிறாள் என்று வருந்துவதில் பொருளில்லை. வேலை வாங்கும் முறையும் முக்கியம். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று நபிகளார் ஒருமுறையேனும் கடிந்துகொண்டதில்லை. பிள்ளை மடித்த பாய் கோணலாக இருந்தால் இருக்கட்டும். அதை அவன் கண்ணெதிரே பிரித்து மீண்டும் மடிக்காதீர்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டிலும், நோயாளி உள்ள வீட்டிலும் இந்த ஒழுங்கு தளரவே செய்யும், தளரட்டும். விருந்தினர் மெச்சுவதற்காக வீட்டை மினுக்குவதும், பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டு மனைவியை நோகடிப்பதும் தூய்மையின் பாற்பட்டவை அல்ல. மனத்தில் அழுக்கைச் சேர்த்துக்கொண்டு தரையைத் துடைப்பதால் யாது பயன்?

மதீனாப் பள்ளிவாசலைப் பெருக்கி வந்த ஓர் எளியவர் இரவில் மறைந்தார். சிறிய செய்தி என்று எண்ணித் தோழர்கள் அதனை நபிகளாருக்கு அறிவியாமலே அடக்கம் செய்துவிட்டனர். அவரைக் காணாமல் விசாரித்த பெருமானார், செய்தி அறிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்றைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள். பெருக்கும் கைக்கு இறைத்தூதர் தந்த மதிப்பு அது. நம் இல்லத்தைப் பெருக்கும் கைக்கு நாம் தரும் மதிப்பு என்ன? வரும் ஜும்ஆவுக்கு முன், வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, ஐந்து வேளைக்கு ஐந்து வேலைகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயரை இடுவோமாக. அப்பெயர்களில் முதற்பெயர் குடும்பத் தலைவருடையதாக இருக்கட்டும்.

வல்ல இறைவன் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி அருள்வானாக! ஆமீன்.