தோண்டிய கரையில் எதைக் கணக்கெடுப்பது?

அந்தமானில் தோண்டப்பட்டது நிலக்கரியோ இரும்போ அல்ல. கடற்கரை மணலும் குன்றுகளின் கல்லும். 1951இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை சுமார் 31 ஆயிரம். 2001இல் அது மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், ராஞ்சித் தொழிலாளர்கள், பிழைப்புத் தேடிக் கப்பலேறிய நம்மவர்கள் என எல்லோருக்கும் வீடு வேண்டியிருந்தது. மரவீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் எழுந்தது. மணல் கொழிக்கும் பெரிய ஆறுகள் இல்லாத தீவுகளில் அள்ளுவதற்குக் கிடைத்தது கடற்கரைதான். வீடு கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அள்ளியதன் விலையை அப்போதே யாராவது கணக்கிட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு தாமதமாக வந்தது, அதுவும் நீலகிரி வழியாக. கூடலூர் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு நாட்டின் காடுகள் அனைத்துக்குமான வழக்காக விரிந்தது. அதில் அந்தமானும் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் சேகர் சிங் தலைமையில் ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கையை ஏற்று 2002 மே 7 அன்று ஆணையிட்டது. மணல் அள்ளுவதை ஆண்டுக்குக் குறைந்தது 20 சதவீதம் வீதம் குறைத்து, அதிகபட்சம் 5 ஆண்டுகளில் அன்றைய அளவின் 33 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றது அந்த ஆணை.

அள்ளிய கரையில் என்ன நடக்கிறது? மணல் குறைந்ததும் சரிவு செங்குத்தாகிறது. அலை நேராகக் கரைமரங்களின் வேரைத் தாக்குகிறது. மரம் கடலுக்குள் சாய்கிறது. இரவில் முட்டையிட ஏறிவரும் ஏழுவரி ஆமை முந்நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. மணல் அரிந்த இடத்தில் ஆளுயரப் படி எதிர்ப்பட்டால் அதனால் ஏற முடியாது. ஒன்று, முட்டையிடாமலே திரும்பும். இல்லையென்றால் அலை எட்டும் ஈர மணலிலேயே குழி பறிக்கும். அடுத்த பெருநீரில் முட்டைகள் மூச்சுமுட்டிப் போகும். பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை ஆகியவையும் இந்தத் தீவுகளின் கரைகளை நம்பித்தான் வருகின்றன.

நெய்வேலியில் மேல்மண்ணை ஒதுக்கி வைத்து, பழுப்பு நிலக்கரி எடுத்த பின் குழியை நிரப்பிப் பயிரிட முடிகிறது. அந்தமான் கரைக்கு அந்த வழி இல்லை. அங்குள்ள மணலில் பெரும்பகுதி உடைந்த பவளமும் சிப்பித்தூளும். பவளத்தைக் கொறிக்கும் மீன்கள் கழித்ததும் அதில் உண்டு. லாரியில் கொண்டுவந்து கொட்டினால் அது ஈடாகாது. பவளத்திட்டு உயிரோடிருந்தால் கடலே மெல்லக் கொண்டுவந்து சேர்க்கும். அதுவரை அடும்பும் இராவணன் மீசையும் தாழையும் புன்னையும் வேர்பிடிக்க விட வேண்டும்.

இங்கேதான் மேய்ச்சல் குறுக்கே வருகிறது. தோண்டிய நிலத்தில் புல் வளர்த்து மாடு மேய விடுவது பல நாடுகளில் நல்ல மீட்பாகக் கருதப்படுகிறது. அந்தமானின் அனுபவம் வேறு. பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்கள், அவற்றை வேட்டையாடும் விலங்கு இல்லாத தீவுகளில் பெருகின. கடலை நீந்திப் பக்கத்துத் தீவுகளுக்கும் போயின. 1962இல் ஒரு மர நிறுவனம் நொடித்தபோது இன்டர்வியூ தீவில் விட்டுச்சென்ற சுமார் 40 யானைகள் காட்டு யானைகளாயின. புதுச்சேரியில் ஃபெரல் ஆய்வு அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான ரவூஃப் அலி, இந்த வந்தேறி விலங்குகள் தாவரங்களை என்ன செய்தன என்று ஆராய்ந்து 2004இல் எழுதினார். மானும் யானையும் மேயும் இடங்களில் இளங்கன்றுகள் தலையெடுக்கவில்லை. பெரிய மரங்கள் நிற்பதால் பார்வைக்குக் காடு, ஆனால் அடுத்த தலைமுறை கீழே இல்லை. ஆகவே கரையோ கல்குவாரியோ, மீளும் நிலத்தில் முதல் சில ஆண்டுகளுக்கு ஆடு, மாடு, மான் எதையும் விடக் கூடாது. கால்நடை வைத்திருக்கும் குடியேறிகளுக்கு ஊரையொட்டித் தீவனப்புல் நிலம் ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் கடமை. அதைச் செய்யாமல் வேலி மட்டும் போட்டால் வேலி நிற்காது.

குவாரிகளை நினைத்தால்தான் எனக்குக் கூடுதல் கவலை. மணலுக்கு மாற்றாகக் கல்லை உடைத்தால் சுமை கரையிலிருந்து குன்றுக்கு இடம் மாறுகிறது. ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் தீவில், உரித்த சரிவிலிருந்து இறங்கும் செம்மண் கடைசியில் பவளத்திட்டின் மேல்தான் படிகிறது. மணலைத் தரும் பவளமே அதனால் திணறுகிறது.

மீட்பின் கணக்கு எங்கே தவறுகிறது என்பதற்குக் கிரேட் நிக்கோபாரே சான்று. அங்குள்ள கலத்தியா விரிகுடா, ஏழுவரி ஆமைகளின் முக்கியமான கரை. துறைமுகத்துக்காக அதன் சரணாலய அந்தஸ்து 2021இல் நீக்கப்பட்டது. அந்தத் துறைமுகத் திட்டத்துக்காகப் போகும் காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் மரம் நடுவதாகச் சொல்கிறார்கள். எத்தனை கன்று நட்டோம் என்பதையே மீட்பின் அளவுகோலாக வைத்திருப்பதால்தான் இப்படிச் சொல்ல முடிகிறது. மணல் அள்ளிய ஒவ்வொரு கரையிலும் ஆண்டுதோறும் எத்தனை ஆமைக்கூடுகள், கரை எவ்வளவு அகலம் என்று அளந்து பொதுவில் வைக்கட்டும். குவாரி உரிமம் தரும் முன்பே மேல்மண்ணை எங்கே சேமிப்பது, சேற்றை எங்கே தடுப்பது என்று எழுதி வாங்கட்டும். அதற்கான பணத்தையும் முன்கூட்டியே கட்ட வைக்கட்டும்.