கரையேறியோர் தந்த வீட்டுரிமை

சட்டத்தைக் குறிக்க ஆங்கிலர் வழங்கும் ‘லோ’ என்ற சொல் அவர்தம் சொந்தச் சொல் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலே கப்பலேறி வந்து இங்கிலாந்தின் கீழ்ப்பாகத்திற் குடியமர்ந்த டேனியர் விட்டுச்சென்ற சொல் அது. வாளோடு வந்தவர்கள் ஏரைப் பிடித்தார்கள், ஊர்ப்பெயரிலே கலந்தார்கள், ஈற்றில் நீதிமன்றத்துள்ளும் புகுந்துவிட்டார்கள். அச்சொல்லை அந்நியம் என்று இன்று எந்த ஆங்கிலரும் ஒதுக்குவதில்லை.

நமது கீழ்க்கரைக்கும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலே கலியாணப் பேச்செடுத்தால் முதலில் எழுவது பெண்ணின் வீட்டைப் பற்றிய கேள்வியே. வீடும் வளவும் மகள் பெயரில் உறுதி எழுதப்படும். மாப்பிள்ளை அங்கு வந்து குடியிருப்பார். பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். குடிக்கொரு மரைக்காயர் இருந்து பள்ளிவாசற் கருமம் பார்த்ததும் நெடுநாளைய முறையே. அரபு நாட்டிலோ குலம் தந்தை வழியது. அவ்வாறாயின் இம்முறை நமக்கு எங்கிருந்து வந்தது?

மலையாளக் கரையிலிருந்து வந்தேறிய முக்குவரிடமிருந்து என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. மருமக்கள் தாயம் வழங்கிய கரை அது. 1215இல் மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றிய காலத்தை ஒட்டி முக்குவர் இங்கு மேலோங்கினர் என்பர். முக்குவர் திமிலரோடு பொருதபோது பட்டாணியர் முக்குவருக்குத் துணைநின்று, கைம்மாறாகப் பெண்ணும் நிலமும் பெற்றனர் என்ற கர்ணபரம்பரைக் கதையைத் தமிழரும் சொல்வர், முஸ்லிம்களும் சொல்வர். அக்கதையை எந்த நீதிமன்றிலும் நிரூபிக்க இயலாது. ஆனால் காரைதீவுத் தமிழரின் வீட்டிலும் அடுத்துள்ள சாய்ந்தமருது முஸ்லிமின் வீட்டிலும் குடியும் சீதனமும் ஒரே வழியாய்ப் போகின்றனவே, அது மறுக்கவொண்ணாச் சாட்சியம் அன்றோ? பிற்காலத்தில், 1626இல், போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் நாலாயிரம் பேர் வரையில் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். இம்முறை அதன் பின்னும் அழியாது நின்றது.

முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். வேடிக்கை என்னவெனில், அதே ஆண்டில் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் ஆட்சியை முடித்துவைத்தது. முஸ்லிம்களுக்கோ 1806ஆம் ஆண்டுச் சட்டக்கோவையும், பின்னர் 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் இஸ்லாமியப் பங்கீட்டையே விதித்தன. ஆயினும் ஏட்டிலே இடமிழந்த வழக்கு நொத்தாரிசின் மேசையிலே உயிரோடிருந்தது. பெற்றோர் உயிரோடிருக்கையில் நன்கொடையாக எழுதிய வீடு, அவர் இறந்தபின் பங்கிடும் சொத்தில் வாராது. ஷரீஅத்தும் நன்கொடையைத் தடுக்கவில்லை; எனவே மார்க்கத்துக்கும் மரபுக்கும் இங்கே மோதல் இல்லை.

மோதல் வந்தது கொழும்பின் படிவங்களால். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அத்தகைய திட்டங்களின் அரச காணிக்குரிய 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு நியமிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன் மகனையே நிறுத்தியது. அவ்வோரவஞ்சனை திருத்தப்பட்டது 2022இலேதான்! இதனினும் கொடியது 2004 டிசம்பர் 26இன் பின் நடந்தது. கடல் கொண்ட வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது. இடம்பெயர்ந்தோருக்கு மாற்று வீடு வழங்குங்கால் அதிகாரிகள் ‘குடும்பத் தலைவர்’ யார் என்றே கேட்டனர். பலவிடத்துக் கணவன் பெயர் எழுதப்பட்டது. எட்டு நூற்றாண்டு நிலைத்ததொன்றை ஒரு கட்டத்தில் இட்ட பேனாக்கீறு மாற்றிவிட்டது. வீட்டுக்காரியாய் இருந்தவள் கணவன் வீட்டிற் குடியிருப்பவள் ஆனாள். மணமுறிவு நேர்ந்தால் அவள் எங்கே போவாள்?

சீதனமே ஒழியவேண்டும் என்போரை யாம் அறிவோம். மஹர் கொடுக்கவேண்டியவன் வீடு கேட்பது மார்க்கமா என்று அவர்கள் வினவுவது நியாயமே. தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கலியாணத்தைத் தள்ளிப்போடும் தமையன்மாரும், வயலை ஈடுவைத்து அல்லலுறும் தகப்பன்மாரும் ஊர்தோறும் உளர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கீற்றில் வளவின் விலையோ வானளாவுகிறது. வீட்டுக்கு மேல் ரொக்கமும் கேட்கும் மாப்பிள்ளைமாரை மரைக்காயர்மார் கண்டிக்கட்டும். ஆனால் கேட்கும் கொடுமை வேறு, பெண் பெயரிலுள்ள உறுதி வேறு. முன்னையதை ஒழிக்கப்போய்ப் பின்னையதையும் பறிகொடுத்தால் ஆதாயம் அடைபவர் யார்?

செய்யவேண்டியது பெரிதன்று. சுனாமி வீடுகளின் உறுதிப் பத்திரம் இன்னும் ஒழுங்காகாதவிடத்து, இழந்த வீடு எவர் பெயரில் இருந்ததோ அவர் பெயருக்கே புதியது எழுதப்படவேண்டும். பழைய உறுதி கடலோடு போயிருந்தால் காணிப் பதிவகத்தில் அதன் பதிவைத் தேடலாம். குடிப் பெரியோரின் சத்தியக் கடதாசியும் ஏற்கப்படவேண்டும். தமிழ் ஊரிலும் முஸ்லிம் ஊரிலும் இவ்விழப்பு ஒன்றே. ஆதலின் பிரதேச செயலகங்களுக்கு அனுப்பும் மனுவிலே கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் சேர்ந்து ஒப்பமிடுவதில் என்ன தடை?