ஒகேனக்கல் போக இறக்கம்தான்... திரும்பி வர?

"200 கிலோமீட்டர்க்கா, பதிமூன்றரை மணி நேரம். அவ்ளோதான்!" என்று சித்தப்பா பையன் சொன்னதும், களி கிண்டிக்கொண்டிருந்த சித்தி துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் வீட்டில் யாராவது "அவ்ளோதான்" என்று சொன்னால், பின்னால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

தம்பிக்குக் காலேஜில் யாரோ 'ப்ரெவே' பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நெடுந்தூர சைக்கிள் பயணம். பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கிறது. இந்தியாவில் பொறுப்பு ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ். 200 கி.மீ. தூரத்துக்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம். இது பந்தயம் கிடையாது. முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் நேரத்துக்குள் முடித்தால் ஒரே மரியாதைதான். 1891-ல் தொடங்கிய பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ்தான் இதன் திருவிழா. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 1,200 கி.மீ., 90 மணி நேரம். 2023-ல் நடந்தது, அடுத்தது 2027. தம்பியின் கண் அதன்மேல். (இன்னும் ஒரு 200-கூடப் போகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

கையோடு ஒரு லிஸ்ட்டும் வைத்திருந்தான். கார்பன் சைக்கிள், பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ, ஜி.பி.எஸ். மீட்டர். கூட்டிப் பார்த்தால் சித்தப்பாவின் மோட்டார் பைக் விலையைத் தாண்டியது. சித்தி ஒரே வார்த்தையில் முடித்தார். "மொதல்ல இருக்கற சைக்கிள்ல ஒகேனக்கல் போய்ட்டு வா. அக்கா பின்னாடியே வருவா."

அக்கா என்றால் நான்தான். வாகனம், என் ஸ்கூட்டி. ஆனால் ப்ரெவேயில் வழியில் யாரும் உதவக் கூடாது. குறிப்பிட்ட கன்ட்ரோல் பாயின்ட்களில் மட்டும்தான் உதவி வாங்கலாம். பஞ்சர், பசி, மழை எல்லாமே அவரவர் பாடு. அதனால் எனக்கும் கண்டிஷன்: தண்ணீர் பாட்டில்கூட நீட்டக் கூடாது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு நாலு ரோட்டிலிருந்து கிளம்பினோம். பத்து கிலோமீட்டரில் முட்டி வலிக்கிறது என்றான். சீட் ரொம்பத் தாழ்வு. வீட்டிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு மிஞ்சும். சரிசெய்ய பத்து நிமிடம்.

அடுத்து பஞ்சர். பென்னாகரத்துக்கு முன்னால், சீமைக்கருவேல முள். டியூபை மாற்றினான், காற்றடித்தான், கிளம்பினான். ஐந்தே நிமிடத்தில் மறுபடி புஸ்! டயருக்குள் முள் அப்படியே இருந்திருக்கிறது. புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேடி எடுக்க வேண்டும் என்பது எந்தப் பஞ்சர் கடை அண்ணனும் இலவசமாகச் சொல்லித்தரும் பாடம். கைவசம் இருந்த ஒரே ஸ்பேர் டியூபும் போச்சு. இனி ஒட்டுதான். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்வதற்குள்ளேயே ஒட்டி, பிய்த்துக்கொண்டு வர, மறுபடி தேய்த்து... ஸ்கூட்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்குத்தான் பெரிய சோதனை. மொத்தம் ஒரு மணி நேரம் காலி.

பென்னாகரம் தாண்டினால் மலைப்பாதை, ஆறு வரை இறக்கம். தம்பி பறந்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தான், எனக்கு உயிர் போனது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும்.

ஒகேனக்கல்லில் மீன் வறுவல். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டான். போகும்போது பறந்த அதே ரோடு, திரும்பும்போது வெயிலில் ஏற்றம். எண்ணெய்ப் பலகாரம் வயிற்றில் கல் மாதிரி கிடக்க, பாட்டிலில் வெறும் தண்ணீர். பென்னாகரம் வந்ததும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்தவன், "கால் என்னோடது மாதிரியே இல்லக்கா" என்றான்.

உடம்பில் சேமிப்பிலிருக்கும் மாவுச்சத்து, முழுமூச்சாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். பசிப்பதற்கு முன்பே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். கடலை மிட்டாய் பாக்கெட்டில் சமர்த்தாக உட்காரும். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது ஆபத்து. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வேலையே வேண்டாம். தம்பியைக் காப்பாற்றியது இரண்டு வாழைப்பழமும் உப்பு மோரும். அதற்கு 35 நிமிடம்.

ஒன்றரை மணிக்கு வீடு. போக வர 92 கி.மீ., எட்டு மணி நேரம், சராசரி பதினொன்றரை. ப்ரெவேக்குக் கிட்டத்தட்ட 15 வேண்டும். "பாத்தியாக்கா, நல்ல சைக்கிள் இருந்தா..." என்று ஆரம்பித்தான். என் மொபைலில் குறித்துவைத்திருந்ததைக் காட்டினேன். சீட் 10 நிமிடம், பஞ்சர் 60, மீன் 45, திண்ணை 35. நின்ற நேரம் மட்டும் இரண்டரை மணி. மிதித்த ஐந்தரை மணி நேரத்துக்குச் சராசரி 16-க்கு மேல். கார்பன் சைக்கிளாக இருந்தாலும் அந்த முள் உள்ளேயேதான் இருந்திருக்கும்.

லிஸ்ட்டைத் திருப்பிப்போட்டு எழுதினோம். நல்ல டயர் இரண்டு, ஸ்பேர் டியூப் இரண்டு, கைப்பம்ப். பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் (உள்ளாடை இல்லாமல்தான் போட வேண்டும், தையல் உரசினால் தோல் புண்ணாகிவிடும். இதைச் சொல்ல யாருக்கும் வெட்கம் வேண்டாம்). வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுவது, பயணத்தன்று புதிதாக எதையும் சாப்பிடாமல், போடாமல் இருப்பது.

இதெல்லாம் சித்தி காதில் ஏறவே இல்லை. அவர் பயம் முட்டியோ பசியோ இல்லை, லாரி. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் இருக்கும் தொப்பூர் கணவாய் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி என்ற தலைப்பை டெஸ்க்கில் உட்கார்ந்து எத்தனையோ முறை டைப் செய்திருக்கிறேன். தம்பி "நான் பகல்லதானம்மா போறேன்" என்றான். காலை ஆறுக்குக் கிளம்பினால் பதிமூன்றரை மணி நேரக் கெடு முடிவது இரவு ஏழரைக்கு. கடைசி ஒரு மணி நேரம், கால் சோர்ந்து கவனம் குறையும் நேரம், இருட்டில்தான்.

அதனால் புது லிஸ்ட்டில் முதல் வரி லைட். முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பு இரண்டு. ஒன்று அணைந்தாலும் இன்னொன்று எரியும், அணைந்தது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது என்பதால்தான் இரண்டு. ஹெல்மெட், வெளிச்சம் பட்டால் மின்னும் ஜாக்கெட். ப்ரெவேயிலும் இவை இல்லாமல் ராத்திரி ஓட்ட விடமாட்டார்கள். வரும் முதல் 200-க்குத் தொப்பூர் வழியாகப் போகும் ரூட் வேண்டாம் என்பதையும் தம்பி ஒப்புக்கொண்டான், முணுமுணுப்போடு.

போன வாரம் லைட் வந்தது. ராத்திரி எட்டு மணிக்குச் சித்தி வாசலில் நின்றுகொண்டு, "ஓட்டிட்டுப் போடா, நான் பாக்கறேன்" என்றார். தெருக்கோடி வரை போனான். வளைவில் திரும்பும் வரை அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் சொன்னார்:

"ஹெல்மெட்டுக்குப் பின்னாடியும் ஒண்ணு மாட்டு."